கைம்மாறா, கடனா?

விருந்துக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது தமிழர் வழக்கமன்று. திருமண வீட்டில் தாம்பூலப் பை கொடுக்கிறோம். அதில் வெற்றிலை, பாக்கு, தேங்காய் இருக்கும். ஏழை வீட்டுப் பையும் செல்வர் வீட்டுப் பையும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அதுவே அந்த வழக்கத்தின் சிறப்பு.

இன்றோ, குழந்தைகளின் பிறந்தநாள் விழாவில் 'ரிட்டர்ன் கிஃப்ட்' என்று ஒன்று புகுந்திருக்கிறது. பிளாஸ்டிக் பென்சில் பெட்டி, ஒரே வாரத்தில் சக்கரம் கழலும் கார், மினுக்கும் தாளில் மிட்டாய்! பெங்களூர் அடுக்குமாடிகளில் காணும் இந்த வழக்கம் கோலார் தங்கவயலின் லைன் வீடுகளுக்கும் வந்துவிட்டது.

வந்தால் என்ன என்பீர்கள். தங்கவயலின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள், தோழர்களே! 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து, இருட்டிய பின் வீடு திரும்புகின்றனர். அவர்களில் ஒருவர், இருபது பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஐம்பது ரூபாய்ப் பொருள் என்றால், ஆயிரம் ரூபாய்க்கு எங்கே போவார்? கொடுக்காவிட்டாலோ, "உங்கள் வீட்டில் என்ன கொடுத்தார்கள்?" என்று மறுநாள் பள்ளியில் அவர் பிள்ளையைக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அஞ்சிக் கடன் வாங்குவோர் உண்டு. அடுத்த வீட்டு விழாவுக்கே பிள்ளையை அனுப்பாதவரும் உண்டு. அஞ்சிக் கொடுப்பது அன்பளிப்பாகுமா?

கொடுக்கவே வேண்டாம் என்பதல்ல என் வாதம். கடைப் பொருளுக்குப் பதிலாக, விழாவிலேயே பிள்ளைகள் தம் கையால் செய்ததைக் கொண்டு செல்லட்டும். ஒரு தையல் ஊசியைக் காந்தத்தின் ஒரு முனையால் ஒரே திசையில் முப்பது நாற்பது முறை தேய்க்கட்டும். பெரியவர் ஒருவர் அதைத் தக்கைத் துண்டில் செருகித் தரட்டும். கிண்ணத்து நீரில் மிதக்கவிட்டால் ஊசி வடக்கு தெற்காகத் திரும்பி நிற்கும். சில ரூபாயில் ஒரு திசைகாட்டி! 2018-இல் பத்மஸ்ரீ பெற்ற அரவிந்த் குப்தா, குப்பைப் பொருள்களைக் கொண்டே இப்படி எத்தனையோ விளையாட்டுப் பொருள்களைச் செய்து காட்டியவர். வாங்கித்தான் கொடுக்க வேண்டுமெனில், சன்னபட்டணத்து மரப்பம்பரம் இருக்கிறது. அந்தப் பணம் கைவினைஞர் வீட்டில் அடுப்பெரிக்கும்.

இன்னொன்றும் உண்டு. சுரங்கத்தில் இறங்கி உழைத்த தாத்தாக்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். விழாவில் ஒருவரைப் பேச வையுங்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்த கதையையும், 1965-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் நியூட்ரினோவின் தடம் கண்டறியப்பட்ட கதையையும் நாம் சேர்த்துச் சொல்வோம். அவற்றைத் தமிழில் நான்கு பக்கம் எழுதிப் பிள்ளைக்கு ஒரு படி கொடுப்போம். இதைவிட நல்ல பரிசு எந்தக் கடையில் கிடைக்கும்?

"பிள்ளைகளுக்குக் கடைப் பொம்மைதானே பிடிக்கும்?" என்பர் சிலர். அது கையில் இருக்கும்வரை பிடிக்கும். தானே செய்த பொருளையோ, பிள்ளை தெருவெல்லாம் காட்டி மகிழும்.

ஆனால் ஒன்று. இதை வசதியுள்ளவரே முதலில் தொடங்க வேண்டும். ஏழை தொடங்கினால் 'இல்லாத வீடு' என்பார்கள். இருப்பவர் தொடங்கினால் ஊரே பின்பற்றும். தங்கவயலிலிருந்து வந்து இங்கே அறிவியல் படிக்கும் நாம், வரும் விடுமுறையில் நம் தெருவில் ஒரு பிறந்தநாளுக்காவது ஊசியும் காந்தமும் எடுத்துச் செல்வோமா?