பழைய இன்ஜினைப் பிரிக்கும் முன்



நம்மில் பலருடைய வீட்டுப் பின்கட்டில், தகப்பன் ஓட்டிய வண்டி ஒன்று சாக்குப் போர்த்தியபடி நின்றுகொண்டிருக்கிறது. அது யமஹா ஆர்.எக்ஸ். 100 ஆக இருந்துவிட்டால், விலை கேட்டு எவராவது வாசலுக்கு வந்துகொண்டே இருப்பார்கள். வீட்டில் வாலிப வயது மகன் இருந்தாலோ, அதை மறுபடியும் ஓட வைக்கவேண்டும் என்று நச்சரிப்பான். விற்றுவிட வேண்டாம், யாரோ ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பவும் வேண்டாம், தகப்பனும் மகனும் சேர்ந்து வீட்டிலேயே அதைப் பிரித்துச் செப்பனிடுங்கள் என்பதே என் கருத்து. ஆனால் பாதி வேலை செய்வதற்கு மட்டும் அதைத் தொடாதீர்கள். பாதி வேலை செய்த இன்ஜின், பழுதாகி நிற்கும் இன்ஜினைவிட ஆபத்தானது.

1985 முதல் 1996 வரை நம் நாட்டில் தயாரான வண்டி அது. சிலிண்டரின் போர் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரமும் அதே 50 மில்லிமீட்டர். ஆக 98 சி.சி. இது டூ ஸ்ட்ரோக் ஆகையால் தலைப்பகுதியில் வால்வுகளோ, கேமோ, டைமிங் செயினோ கிடையாது. ஒரு மேசை, மண்ணெண்ணெய் ஊற்றிய தட்டு, நல்ல ஸ்பேனர்கள், மேக்னட்டைக் கழற்றுவதற்கான புல்லர், கழற்றிய திருகுகளை வகைப்படுத்திப் போட்டு வைக்கச் சில பழைய டப்பாக்கள். இவை இருந்தால் பெரும்பகுதி வேலையை வீட்டிலேயே செய்துவிடலாம்.

இந்த எளிமைதான் பலரை ஏமாற்றுகிறது. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் சுழலும் பெட்டி எண்ணெயைத் தாங்குவதற்கு மட்டுமே. டூ ஸ்ட்ரோக்கிலோ அந்தப் பெட்டியே ஒரு பம்பு. பிஸ்டன் மேலே ஏறும்போது, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை ரீட் வால்வு வழியாக அந்தப் பெட்டிக்குள் இழுக்கப்படுகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது அழுத்தப்பட்டு, பக்கவாட்டுத் துவாரங்கள் வழியாக மேலே போய்ச் சேருகிறது. ஆகையால் அந்தப் பெட்டி காற்றுப் புகாததாக இருந்தே ஆகவேண்டும். அதற்காகவே கிராங்கின் இரு முனைகளிலும் ரப்பர் ஆயில் சீல்கள் இருக்கின்றன. முப்பது வருடங்களில் அந்த ரப்பர் இறுகி, உதடு தேய்ந்து போயிருக்கும்.

மேக்னட் பக்கத்துச் சீல் கெட்டால் அந்த வழியாகக் காற்று உள்ளே நுழையும். பெட்ரோலின் அளவும் அதனோடு வரும் எண்ணெயின் அளவும் குறைய, சூடு ஏறி, பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிக்கொள்ளும். சீஸ் ஆகிவிட்டது என்று பட்டறையில் சொல்வார்களே, அதுதான். கிளட்ச் பக்கத்துச் சீல் கெட்டாலோ கியர் பெட்டியின் எண்ணெய் உள்ளே இழுக்கப்பட்டு எரியும். வெண்புகை நிற்காது, எண்ணெய் மட்டமும் காரணமின்றி இறங்கிக்கொண்டே வரும். ஆக்ஸிலரேட்டரை விட்ட பின்பும் இன்ஜினின் வேகம் இறங்காமல் தானாக ஏறி நின்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது எங்கோ காற்று புகுவதைத்தான்.

இருந்தும் வழக்கத்தில் நடப்பது என்ன? காலையில் சிலிண்டரைக் கழற்றி, போர் போட்டு, புதுப் பிஸ்டனும் ரிங்குகளும் இட்டு, மாலையில் வண்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். சீல்களை எவரும் தொடுவதில்லை; மேக்னட்டையும் கிளட்ச் பகுதியையும் கழற்றினால்தானே அவை கண்ணுக்குத் தெரியும். சில மாதங்களில் புதுப் பிஸ்டனும் இறுகுகிறது. வேகமாகப் போகும்போது அது நேர்ந்தால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அந்த நொடியில் கிளட்சைப் பிடிக்கவேண்டும் என்று உங்கள் மகனுக்கு யார் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்? நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பது இதனால்தான். பிஸ்டனின் விலையோடு ஒப்பிட்டால் இரண்டு சீல்களின் விலை ஒரு பொருட்டே அல்ல.

லேத் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியவையும் உண்டு. போர் வேலை அதில் ஒன்று. 0.25 மி.மீ. படிகளாகப் பெரிய அளவுப் பிஸ்டன்கள் கிடைக்கின்றன. பிஸ்டனை முதலில் வாங்கிக் கொடுத்து, அதற்கு ஏற்பவே சிலிண்டரைக் கடையச் சொல்லுங்கள். கனெக்டிங் ராடைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள்; பக்கவாட்டில் சற்று ஆட்டம் இருக்கலாம், மேலும் கீழுமாகத் துளியும் இருக்கலாகாது. இருந்தால் கிராங்கைப் பிரஸ்ஸில் பிரித்து, மறுபடி பொருத்தி, நேர் பார்க்கவேண்டும். அது வீட்டுச் சுத்தியலால் ஆகிற காரியம் அன்று.

பொருத்தும்போது அவசரம் வேண்டாம். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் நோக்கட்டும். ரிங்கின் முனைகள், காடியிலுள்ள சிறு ஊசியின் இருபுறமும் அமையவேண்டும். இல்லையேல் முனை துவாரத்தில் மாட்டி ஒடிந்துபோகும். பழைய சர்க்கிளிப்பைத் திரும்பப் போடாதீர்கள். புதியதைப் போடும்போது, பெட்டியின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். உள்ளே விழுந்த சர்க்கிளிப்பைத் தேடுவதற்காக முழு இன்ஜினையும் மறுபடி பிரித்தவர்கள் உண்டு.

எண்ணெய் பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பெட்ரோலிலேயே டூ டி ஆயிலைக் கலந்து ஓட்டும் வழக்கம் பெருகியிருக்கிறது. எனக்கு அதில் சம்மதமில்லை. இன்ஜினின் வேகத்துக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் ஏற்ப அந்தப் பம்பு எண்ணெயைக் கூட்டிக் குறைத்துக் கொடுக்கிறது. அதை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் குழாயிலுள்ள காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். முதல் டேங்குப் பெட்ரோலில் மட்டும் கொஞ்சம் எண்ணெய் கலந்தும் விடுங்கள். சத்தத்துக்காகச் சைலன்சரை வெட்டச் சொல்லி மகன் கேட்பான். டூ ஸ்ட்ரோக்கின் சைலன்சர் வெறும் புகைபோக்கி அல்ல. உள்ளேயிருந்து திரும்பி வரும் அழுத்த அலைதான், வெளியேறப் பார்க்கும் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளி வைக்கிறது. வெட்டினால் சத்தம் கூடும், இழுவை குறையும். பக்கத்து வீட்டில் படுக்கையில் கிடக்கும் முதியவரையும் அவன் சற்று நினைத்துப் பார்க்கட்டும்.

இன்னும் ஒன்று. இன்ஜின் எண் அந்தப் பெட்டியின் மேல்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. பெட்டி சேதமாயிருக்கிறதென்று, எங்கிருந்து வந்ததென்று தெரியாத வேறொன்றை வாங்கிப் பொருத்தினால், ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு அது ஒத்துப்போகாது. பதினைந்து வருடங்கள் கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கவேண்டும். அப்போது அதிகாரிக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? வெடிப்பை வெல்டிங் வைத்துச் சரிசெய்ய முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

எல்லாம் முடிந்து முதல்முறை உதைக்கும்போது, பொருத்துகையில் தடவிய எண்ணெய் எரிந்து புகை வரும். சற்று நேரத்தில் அடங்கிவிடும். சில நிமிடங்கள் ஓடவிட்டு, முழுவதும் ஆறவிடுங்கள். முதல் 500 கிலோமீட்டருக்கு ஆக்ஸிலரேட்டரை முழுவதும் திருக வேண்டாம். அதுவரைக்கும் வண்டிச் சாவி தகப்பன் சட்டைப் பையில் இருப்பது நல்லது.