பெட்டி நிறைய வர்ணம் வேண்டுமா?

சித்திரம் பயிலத் தொடங்கும் பிள்ளைகளிடம், "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால், "பெரிய வர்ணப் பெட்டி வேண்டும்" என்ற விடையே பெரும்பாலும் வரும். வகுப்பிலே ஒரு மாணவி 24 வில்லைகள் கொண்ட பெட்டியைத் திறக்கிறாள். பக்கத்தில் இருப்பவளிடம் 6 வில்லைகளே உள்ளன. தன் படம் சிறக்காமைக்குத் தன் பெட்டியின் சிறுமையே காரணம் என்று இவள் எண்ணிக்கொள்கிறாள். பெற்றோரும் பிள்ளையின் முகவாட்டத்தைக் காணச் சகியாது, வீட்டுச் செலவைச் சுருக்கியேனும் பெரிய பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுக்கின்றனர். ஆயினும் படம் முன்போலவே இருக்கின்றது. ஏன்?

நிறத்தைத் தேர்ந்தெடுத்தல் என்பது பெட்டியிலிருந்து ஒரு வில்லையைத் தேர்ந்தெடுத்தல் அன்று. ஒரு நிறம் நம் கண்ணுக்கு எவ்வாறு தோன்றும் என்பதில் அதன் பக்கத்தில் நிற்கும் நிறத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இவ்வுண்மையை உணர்ந்தவர்க்கு நான்கு வர்ணமும் போதும். உணராதவர்க்கு நாற்பதும் போதா.

பாரிஸ் நகரிலே கொபெலின் என்னும் புகழ்பெற்ற நெசவுச்சாலை ஒன்று உண்டு. சித்திரங்கள் பொலியும் திரைச்சீலைகளுக்குப் பெயர்போன இடம் அது. 1824 ஆம் ஆண்டில், மிஷேல் ஷெவ்ருல் என்னும் இரசாயன அறிஞர் அதன் சாயப் பகுதிக்குத் தலைவரானார். அங்கே சாயமேற்றிய கறுப்பு நூல் போதிய அழுத்தமின்றி வெளிறித் தோன்றுகின்றது என்ற முறைப்பாடு அவரிடம் வந்தது. அவர் பிறவிடங்களிற் சாயமேற்றிய கறுப்பு நூலை வருவித்து ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்திலே குறையில்லை. கறுப்பை நீலம், ஊதா ஆகிய நிறங்களின் அருகே வைத்து நெய்ததே அதன் தோற்றத்தைக் கெடுத்தது என்று கண்டார். அடுத்தடுத்து நிற்கும் நிறங்கள் ஒன்றையொன்று எவ்வாறு மாற்றிக் காட்டுகின்றன என்பதைப் பல்லாண்டு ஆராய்ந்து, 1839 இல் ஒரு பெருநூலாக வெளியிட்டார்.

இதனை நீங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சாம்பல் நிறத் தாளிலிருந்து ஒரே அளவான இரு சிறு சதுரங்களை வெட்டுங்கள். ஒன்றைச் சிவப்புத் தாளின் நடுவிலும், மற்றதைப் பச்சைத் தாளின் நடுவிலும் வைத்துச் சற்று நேரம் உற்று நோக்குங்கள். சிவப்பின் மேலுள்ள சாம்பல் சிறிது பச்சைச் சாயல் கொள்ளும். பச்சையின் மேலுள்ளது சிறிது செஞ்சாயல் கொள்ளும். இரண்டும் ஒரே தாளிலிருந்து வெட்டியவை என்று அறிந்திருந்தும் கண் அவ்வாறே காணும்.

கண்ணின் இவ்வியல்பைத் துணைக்கொண்டு பெரும் பெயர் பெற்றவர் சுவீடன் தேசத்து ஓவியர் அண்டர்ஸ் சோர்ண் (1860-1920). வெள்ளை, மஞ்சட் காவி, சாதிலிங்கச் சிவப்பு, கறுப்பு ஆகிய நான்கு எண்ணெய் வர்ணங்களே அவருடைய உருவப்படங்களோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. நீலம் அவற்றுள் இல்லை. ஆயினும், கறுப்பையும் வெள்ளையையும் குழைத்த சாம்பலைச் செம்மை படர்ந்த மேனி நிறத்தின் அருகே தீட்டினால், அது நீலம் போலவே தோன்றும். அதே கறுப்பு மஞ்சட் காவியோடு சேரும்போது மங்கிய பச்சையாகின்றது. சோர்ண் நீலத்தை என்றுமே தொடாதவர் என்று கொள்ளலாகாது. வேண்டிய இடத்தில் அதனையும் கையாண்டார். ஆனால் குறைந்த வர்ணங்களைக் கொண்டு நிறைந்த படம் எழுதலாம் என்பதற்கு அவர் சிறந்த சான்று. நம் நாட்டுச் சிகிரியாவிலே, 5 ஆம் நூற்றாண்டில் எழுதப்பெற்ற ஓவியங்களைப் பாருங்கள். மண்ணிலும் கல்லிலுமிருந்து பெற்ற சிவப்பு, மஞ்சள், பச்சை முதலிய சில வர்ணங்களே அங்கு மேலோங்கி நிற்கின்றன.

இனி, செய்முறைக்கு வருவோம். நீர்வர்ணத்தைக் கொண்டு தொடங்கும் மாணவருக்கு மூன்று வர்ணம் போதும்: எலுமிச்சை மஞ்சள், கிரிம்சன் சிவப்பு, அல்ட்ராமரீன் நீலம். தாளின் வெண்மையே வெள்ளை வர்ணத்தின் வேலையைச் செய்யும். மஞ்சளும் நீலமும் சேர்ந்து பச்சை. சிவப்பும் நீலமும் சேர்ந்து ஊதா. மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து செம்மஞ்சள். மூன்றையும் அளவறிந்து சேர்த்தால், மண்ணிறமும் சாம்பலும் எத்தனையோ வகையாகக் கிடைக்கும்.

ஆனால் எல்லாச் சிவப்பும் ஒன்றல்ல என்பதை மறவாதீர்கள். கிரிம்சனை அல்ட்ராமரீனோடு சேர்த்தால் தெளிந்த ஊதா பிறக்கும். மஞ்சட் சாயலுள்ள சாதிலிங்கச் சிவப்பை அதனோடு சேர்த்தாலோ, ஊதா கலங்கி மண்ணிறத்தின் பக்கம் சாயும். எலுமிச்சை மஞ்சளுக்குப் பதிலாக மஞ்சட் காவியைச் சேர்த்தால் பச்சையும் அவ்வாறே அடங்கிப் போகும். அடங்கிய நிறம் பிழையான நிறமன்று. பனந்தோப்பின் நிழலுக்கு அதுவே வேண்டப்படலாம்.

பெட்டியில் ஆயத்தமாக உள்ள பச்சையைச் சில காலம் ஒதுக்கி வைப்பது நன்று. ஒரு வாழைமரத்தை எழுத எண்ணி, அந்த வில்லையை மட்டும் தொட்டு எல்லா இலைகளையும் தீட்டிவிட்டால், மரம் தட்டையாகிவிடும். வெயிலை மறைத்து நிற்கும் இலையில் மஞ்சள் மிகுதி. வானத்தின் ஒளியை ஏந்தி மினுங்கும் இலையிலே நீலச் சாயல். காய்ந்து தொங்கும் சருகிலே மண்ணிறம். பச்சையை நீங்களே குழைக்கும்போதுதான், "இந்த இலைக்கு எவ்வளவு மஞ்சள்?" என்று மரத்தைப் பார்த்துக் கேட்கத் தொடங்குவீர்கள். அந்தக் கேள்வியே கல்வி.

வர்ணத்தைத் தொடுமுன், கண்களைப் பாதி மூடிக்கொண்டு பொருளை நோக்குங்கள். சிறு வேறுபாடுகள் மறைந்து, எது மிக வெளிச்சம், எது மிக இருள் என்பது தெளிவாகும். ஒளியும் இருளும் சரியாக அமைந்தால், நிறம் சற்றுப் பிசகினும் படம் நிற்கும். அவை பிசகினால், எவ்வளவு அழகிய வர்ணமும் அதனைக் காப்பாற்றாது. குழைத்த நிறத்தை முதலில் ஒரு துண்டுத் தாளிலே தீட்டி, படத்தில் அது சேரவேண்டிய இடத்துக்கு அருகே பிடித்துப் பாருங்கள். நீர்வர்ணம் காய்ந்தபின் சிறிது வெளிறும் ஆதலால், காயும்வரை பொறுத்திருங்கள். நீருக்கு இரண்டு பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று தூரிகை கழுவ, மற்றது வர்ணம் குழைக்க.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை, வெள்ளைச் சுவரின் நிழலை நீலமாகத் தீட்டினால், "சுவர் வெள்ளையல்லவா?" என்று கடிந்து கொள்ளாதீர்கள். வெயிலில் நிற்கும் வெண்சுவரின் நிழலிலே நீலம் மெய்யாகவே உண்டு. நாம் பார்க்க மறந்ததை அது பார்த்திருக்கலாம். "எங்கே கண்டாய்? காட்டு" என்று அன்போடு கேளுங்கள். காட்டமுடிந்தால், அது தன் கண்ணால் தேர்ந்த நிறம். காட்ட முடியாவிட்டால், அடுத்தமுறை நன்றாகப் பார்க்கும். "இலை பச்சை, வானம் நீலம்" என்று ஒருமுறை ஒப்புவிக்கப் பழகிய பிள்ளை, பின்னர் இலையையும் வானத்தையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அந்த இழப்பை எவ்வளவு பெரிய பெட்டியும் ஈடு செய்யாது.

இவ்வாரம், மூன்று வர்ணத்தாலேயே ஒரு மாம்பழத்தையும் அது கிடக்கும் தட்டையும் எழுதிப் பாருங்கள். அந்த மூன்று வில்லைகளும் தேய்ந்து குழிந்தபின், நான்காவதை வாங்கலாம்.