எல்லாம் குழந்தை பேருக்கே: இளம் பெற்றோர் எழுதும் உயிலில் உள்ள சிக்கல்

குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே பல இளம் பெற்றோர் ஆதார் எடுத்துவிடுகிறார்கள். பெண் குழந்தை என்றால் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்குகிறார்கள். டேர்ம் இன்சூரன்ஸ் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். உயில் பேச்சை எடுத்தால் மட்டும், “நமக்கென்ன அறுபது வயசா ஆயிடுச்சு?”, “நல்ல நாளும் அதுவுமா இது எதுக்கு?” என்று பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது.

எழுபது வயதுக்காரரின் பிள்ளைகள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். மூன்று வயதுக் குழந்தையால் அது முடியாது. 18 வயது வரை அதற்காக யாராவது கையெழுத்துப் போட வேண்டும், ஃபீஸ் கட்ட வேண்டும், காய்ச்சல் வந்தால் கூடவே இருக்க வேண்டும். அந்த ஆள் யார் என்று எழுதி வைப்பதுதான் இளம் பெற்றோரின் உயிலுக்கு முதல் வேலை. அந்த வகையில் பார்த்தால், தாத்தா பாட்டியைவிட அப்பா அம்மாவுக்குத்தான் உயில் அவசரம்.

உயில் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

ஓர் எடுத்துக்காட்டு. கணவர் பெயரில், அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய ஒரு ஃபிளாட் இருக்கிறது. வீட்டுக் கடன் பாதி பாக்கி. மனைவி, மூன்று வயது மகள், ஊரில் கணவரின் அப்பா அம்மா. கணவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டால் அந்த ஃபிளாட் யாருக்கு?

“பொண்டாட்டிக்குத்தானே” என்பதுதான் பலரின் பதில். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மனைவி, பிள்ளைகள், இறந்தவரின் தாய் ஆகிய எல்லோருமே முதல் வகுப்பு வாரிசுகள். இந்தக் குடும்பத்தில் மனைவி, மகள், மாமியார் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. இறந்தவரின் தந்தை இந்த வகுப்பில் இல்லை.

வயதான தாய்க்குப் பங்கு போவதில் தவறில்லை. மகனை நம்பி இருக்கும் தாய்க்கு அது தேவையாகவும் இருக்கலாம். ஆனால், அந்தப் பங்கு மருமகளும் பேத்தியும் குடியிருக்கும் வீட்டிலேயே விழுகிறது. நாளை மாமியார் காலமானால், அவருடைய பங்கு மாமனார், மற்ற பிள்ளைகள், பேத்தி என மேலும் பிரியும். தாய்க்கு ஒரு வைப்புத்தொகையையோ, ஆயுள் முழுக்கக் குடியிருக்கும் உரிமையையோ உயிலில் தனியாக எழுதினால், அவருக்கும் பாதுகாப்பு, வீடும் துண்டாகாது.

குழந்தை பேருக்கே எழுதிவிட்டால்?

பலரும் சுலபமான வழி என்று நினைப்பது இதைத்தான். “இருக்கிறதெல்லாம் பாப்பா பேர்ல எழுதிடலாம்.” பாசத்தில் எடுக்கும் முடிவு. சில வீடுகளில், “நாளைக்கு மருமக வேற கல்யாணம் பண்ணிக்கிட்டா?” என்ற பயமும் இதன் பின்னால் இருக்கும்.

சட்டம் இங்கே வேறு மாதிரி வேலை செய்கிறது. மைனரின் அசையாச் சொத்தைத் தாயாகவே இருந்தாலும் நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. 1956ஆம் ஆண்டின் இந்து சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்வது இது. தேவை இருக்கிறது, அல்லது குழந்தைக்கு இதில் தெளிவான நன்மை இருக்கிறது என்று காட்டினால்தான் அனுமதி கிடைக்கும். அனுமதி இல்லாமல் விற்றால், குழந்தை மேஜரான பிறகு அந்த விற்பனையை ரத்து செய்யக் கோரலாம். அதனால் விவரம் தெரிந்தவர்கள் அப்படிப்பட்ட வீட்டை வாங்கத் தயங்குவார்கள்.

ஒற்றைச் சம்பளத்தில் கடனை அடைக்க முடியாமல் ஃபிளாட்டை விற்க நினைக்கும் தாய், வக்கீல் ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் அலைய வேண்டி வரும். குழந்தையின் நலனைக் காக்க வந்த விதி, அந்தக் குழந்தையை வளர்ப்பவரின் கையைக் கட்டிப்போட்டுவிடுகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 18 வயது முடிந்த நாளில் வீடு, இன்சூரன்ஸ் பணம் எல்லாமே அந்தப் பிள்ளையின் கைக்கு வந்துவிடும். காலேஜ் முதல் வருடத்தில் அவ்வளவு பணத்தைக் கையாளும் பக்குவம் எல்லோருக்கும் இருக்காது.

அதைவிட நடைமுறைக்கு ஏற்ற ஏற்பாடு இது: முதலில் வாழ்க்கைத் துணைக்கு, துணையும் இல்லாத பட்சத்தில், ஒரு டிரஸ்டியின் பொறுப்பில் குழந்தைக்கு. படிப்பு, மருத்துவம், சாப்பாட்டுச் செலவுக்கு டிரஸ்டி பணம் தரலாம். மீதி 21 அல்லது 25 வயதில் பிள்ளைக்குப் போகலாம் என்று உயிலிலேயே எழுத முடியும். மறுமணம் பற்றிய கவலை உண்மையிலேயே இருந்தால், ஒரு பகுதியை மட்டும் குழந்தைக்காக இப்படி டிரஸ்டியிடம் ஒதுக்கலாம். முழுச் சொத்தையும் பூட்டிவைக்கத் தேவையில்லை. உயிலே இல்லாவிட்டாலும், கணவர் வழியில் மனைவிக்கு வந்த பங்கு மறுமணத்தால் பறிபோகாது என்பதையும் குடும்பங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

இருவருமே இல்லாவிட்டால் யார் வளர்ப்பது?

யாரும் யோசிக்க விரும்பாத கேள்வி இது. எழுதி வைக்காவிட்டால், தாத்தா வீடா, சித்தி வீடா, பெரியப்பா வீடா என்பதை உறவினர்கள் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். பேச்சு முற்றினால் நீதிமன்றம். அந்த நேரத்தில் குழந்தை ஏதாவது ஒரு வீட்டில் காத்துக்கொண்டிருக்கும்.

உயிலில் ஒருவரை கார்டியனாக நியமிக்கலாம். இந்துக்களுக்கு இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தந்தை உயிலில் கார்டியனை நியமித்திருந்தாலும், தாய் உயிரோடு இருந்தால் அந்த நியமனம் செல்லாது. பிறகு தாய் தன் உயிலில் யாரையும் நியமிக்காமல் இறந்தால், தந்தை எழுதியது மீண்டும் உயிர்பெறும். ஆகவே கணவன், மனைவி இருவரும் தனித்தனியாக உயில் எழுதி, ஒரே ஆளின் பெயரைச் சொல்வதுதான் பாதுகாப்பு. ஹவுஸ்வைஃப் என்றாலும் இது பொருந்தும். நகையும் சேமிப்பும் அவர் பெயரிலும் இருக்குமே.

தந்தைக்கு முன்னுரிமை தரும் இந்தச் சட்டத்தில், ‘தந்தைக்குப் பின் தாய்’ என்பதை ‘தந்தையின் மரணத்துக்குப் பின்’ என்று மட்டும் படிக்கக் கூடாது என்று கீதா ஹரிஹரன் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்ட வாசகம் அப்படியேதான் இருக்கிறது. சண்டை என்று வந்தால் குழந்தையின் நலனே நீதிமன்றத்துக்கு முதன்மை. அப்போது அப்பா அம்மாவின் விருப்பம் எழுத்தில் இருப்பது முக்கியமாகிறது.

பாசமாக வளர்ப்பவரும் கணக்கு வழக்கில் கெட்டிக்காரரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. சித்தி வளர்க்கலாம், மாமா பணத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஒருவர் செலவை இன்னொருவர் கேட்க முடியும் என்பதே ஒரு காவல்தான்.

நாமினி போட்டாச்சே, போதாதா?

போதாது. பங்குகளில் நாமினியாக இருப்பதாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பொதுவாக, பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பதுதான் நாமினியின் வேலை. ஆயுள் காப்பீட்டில் 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், துணை, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் நிலைமை வேறு. ஆனால், குழந்தையை நாமினியாகப் போட்டவர்கள் அதன் சார்பில் பணம் பெறும் ஒருவரையும் பாலிசியில் குறிப்பிட வேண்டும். எந்த நாமினி படிவமும் குழந்தையை யார் வளர்ப்பது என்று கேட்பதில்லை.

எழுதுவது கஷ்டமா?

இல்லை. வெள்ளைத் தாளில் கையால் எழுதினாலே போதும், முத்திரைத் தாள் தேவையில்லை. எழுதியவர் கையெழுத்திட வேண்டும். அதைப் பார்த்த இரண்டு சாட்சிகள், அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று சாட்சிகள் படிக்க வேண்டியதில்லை. பலன் பெறுபவரைச் சாட்சியாகப் போடாமல் இருப்பது நல்லது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம் இல்லை. செய்தால் பிற்காலத்தில் கேள்விகள் குறையும். ‘இனி பிறக்கும் குழந்தைகளுக்கும்’ என்ற வரியைச் சேர்க்க மறக்கக் கூடாது. மனசு மாறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

மற்ற மதத்தினருக்கு விதிகள் மாறும். முஸ்லிம்கள் பொதுவாகச் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மீதி. அவரவர் சட்டம் தெரிந்த வக்கீலிடம் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது.

இதையெல்லாம்விடத் தயக்கம் தருவது ஒரு போன் கால்தான். தங்கையையோ நண்பரையோ அழைத்து, “எங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா பாப்பாவை நீ பாத்துப்பியா?” என்று கேட்க வேண்டும். அவரைக் கேட்காமல் பெயரை எழுதுவது நியாயமில்லை. “முடியாது” என்ற பதில் வந்தாலும், அதை இப்போதே தெரிந்துகொண்டால் வேறு ஒருவரைத் தேட நேரம் இருக்கும்.