அளவறிந்த சிதைவு

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் மூத்தோர் வாக்கு. அளவறிந்து கையாளின் நஞ்சும் மருந்தாகும் என்னும் அதன் மறுதலையும் உண்மையே. இவ்வுண்மையை விளங்கக் காட்டும் விஞ்ஞானத் துறைகளுள் ஒன்று, விரைந்து செல்லும் அயன்களைப் பல்பகுதியங்கள்மீது பாய்ச்சி அவற்றின் இரசாயன அமைப்பையும் இயல்புகளையும் மாற்றுவதாகும். சிதைவை ஆராய்வோரைப் பயனில் உழைப்போர் என்று ஒதுக்குதல் தகாது என்பது நமது கருத்து. அதற்கு இத்துறையையே சான்றாகக் காட்ட விழைகின்றோம்.

பொலித்தீன் பையும், நைலோன் நூலும், மூக்குக்கண்ணாடியின் இலேசான வில்லையும் பல்பகுதியங்களே. சிறு மூலக்கூறுகள் பல்லாயிரம் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு நெடுஞ்சங்கிலிகளாய் அமைந்தவை அவை. அயன் என்பது இலத்திரன்களை இழந்தோ ஏற்றோ மின்னேற்றம் பெற்ற அணு. பெருவேகம் ஊட்டப்பட்ட பாரமான அயனொன்று இச்சங்கிலிகளிடையே புகுவது, வாழைத் தோட்டத்துள் மதயானை புகுவதை ஒக்கும். தான் செல்லும் வழியிலுள்ள அணுக்களின் இலத்திரன்களைக் கலைத்தும், வேகம் தணியும் இறுதிக் கட்டத்தில் அணுக்களையே இடம்பெயர்த்தும் அது தன் சத்தியை இழக்கின்றது. அது விட்டுச்செல்லும் தடத்தின் அகலமோ மயிரிழையின் பருமனிற் பல்லாயிரத்தில் ஒரு பங்கேயாம்.

அத்தடத்தினுள் நிகழும் இரசாயனம் கருதற்குரியது. காபனுக்கும் ஐதரசனுக்கும் இடையிலுள்ள பிணைப்புகள் அறுகின்றன. ஐதரசன் வாயுவாய் வெளியேறுகின்றது. பிணைப்பிழந்து நிற்கும் மூலிகங்கள் புதிய துணையை நாடுகின்றன. பொலித்தீனில் அயற்சங்கிலிகள் தம்முட் கைகோத்துக் குறுக்குப் பிணைப்புகள் தோன்றுதலே மேலோங்கும். அதனால் அப்பொருள் கரைப்பான்களிற் கரையாததாகவும் வெப்பத்தால் உருகி ஓடாததாகவும் மாறும். கண்ணாடிபோல் ஒளிரும் அக்கிரிலிக்குத் தகட்டிலோ சங்கிலிகள் துண்டுபடுதலே மிகுதி. அது முன்னினும் எளிதிற் கரையும். அடி ஒன்றே, அடிபடும் பொருளின் இயல்புக்கேற்பப் பயன் இரண்டாகின்றது.

அளவு மிகுந்தால் மாற்றமும் மிகும். ஒரு சதுர சதமமீற்றர்ப் பரப்பில் ஒரு கோடி கோடி அயன்களும் அதற்கு மேலும் பாயுமிடத்து, ஐதரசனும் ஒட்சிசனும் பெரும்பாலும் நீங்க, காபன் செறிந்த மேற்படலமே எஞ்சும். தெளிந்திருந்த தகடு மஞ்சளாகிப் பழுப்பாகிக் கருமையுறும். மின்னைக் கடத்தாதிருந்த பொருள் கடத்தத் தொடங்கும்.

இனி, வரலாற்றை நோக்குவோம். 1958 இல் இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த யங் என்பார், யுரேனியப் பிளவுத் துண்டுகள் பட்ட இலிதியம் புளோரைட்டுப் பளிங்கை இரசாயனத்தால் அரித்து, அத்துண்டுகள் பட்ட இடங்களிற் குழிகள் தோன்றக் கண்டார். அடுத்த ஆண்டு சில்க், பான்ஸ் என்னும் இருவர் மைக்காவில் இத்தகைய தடங்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியாற் கண்டு வெளியிட்டனர். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுகூடத்தில் பிளைஷர், பிறைஸ், வோக்கர் என்னும் மூவர் 1960களில் இவ்வழியைத் தொடர்ந்து சென்று, பல்பகுதியத் தகடுகளிலும் தடங்களை அரித்துக் காட்டினர். பொலிகாபனேற்றுத் தகட்டில் அயன் சென்ற வழியே எரிசோடாக் கரைசல் விரைந்து அரித்துச் செல்ல, நேரிய துவாரம் ஒன்று உண்டாகின்றது. துவாரங்களின் தொகையை அயன்களின் தொகை நிருணயிக்கும்; அவற்றின் அகலத்தை அரிக்கும் நேரம் நிருணயிக்கும். தச்சன் துறப்பணத்தால் எட்டவொண்ணாத நுண்மை இவ்வாறு கைவந்தது.

இவர்கள் தொடக்கத்தில் ஆராய்ந்தது சல்லடை செய்யும் வழியையன்று. திண்மப்பொருளிற் கதிர் விளைக்கும் சேதத்தையே. எனினும் அச்சேதத்தினின்று பிறந்த சல்லடைகள் குருதியினின்று பருமனான புற்றுக் கலங்களைப் பிரித்தறியும் முயற்சிக்கு உதவின. நீரிலும் காற்றிலுமுள்ள நுண்டுணிக்கைகளை வடித்தெடுக்க உதவின. ஒரேயொரு துவாரமுடைய தகட்டினூடே நுண்டுணிக்கைகளை ஒவ்வொன்றாகச் செலுத்தி, மின்னோட்ட மாற்றத்தால் அவற்றை எண்ணி அளக்கும் முறையை டீபுளோயிஸ், பீன் என்போர் 1970 இல் வெளியிட்டனர். மூக்குக்கண்ணாடி வில்லைக்குரிய சீ.ஆர்.–39 என்னும் பல்பகுதியம் கதிர்த் தடங்களை நுட்பமாய்ப் பதிக்கவல்லது என்பது 1978 இல் வெளியாயிற்று. வீடுகளிலும் சுரங்கங்களிலும் உறையும் இரேடன் வாயுவை அளக்க இன்றும் அது பயன்படுகின்றது.

இவையெல்லாம் செல்வநாடுகளுக்கே உரியன, ஆர்முடுக்கி இல்லாதார்க்கு இவற்றால் ஆவதென்ன என்று ஒருசாரார் வினவுவர். அவர் கூற்றில் ஓரளவு நியாயம் உண்டு. அயன்களுக்கு வேகமூட்டும் பொறி பெரும்பொருட் செலவினது. அவ்வயன்களும் பொதுவாகத் தகட்டின் மேற்பரப்பை அடுத்த மெல்லிய படையையே ஊடுருவும். தடித்த பொருள்களை மாற்றுதற்குக் காமாக்கதிர் முதலியனவே ஏற்றவை. ஆயினும், சீ.ஆர்.–39 துண்டொன்றைச் சிலகாலம் அறையில் வைத்துப் பின் வெப்பமூட்டிய எரிசோடாக் கரைசலில் அரித்து, சாதாரண நுணுக்குக்காட்டியால் தடங்களை எண்ணுதற்குப் பெரும்பொறி எதுவும் வேண்டியதில்லை. அத்துண்டிற்கு மின்சாரமும் வேண்டா. பொறுமையும், தூய கையும், கூரிய கண்ணும் வேண்டும். இவை எந்த நாட்டிற்கும் தனியுரிமையல்ல.

ஆராய்ச்சி தொடங்குமுன்னரே "இதன் பயன் யாது?" என்று கேட்டு, விடையில்லையேல் பணமில்லை என்போர் எக்காலத்திலும் உளர். 1958 இல் அவ்வாறு கேட்டிருந்தால், பளிங்கிற் குழி காண்பதன் பயனை எவரால் எடுத்துரைத்திருக்க முடியும்? பயன் என்பது விதைக்கும்போதே எண்ணி வைக்கத்தக்க நெல்மணியன்று. நுணுகி அறிதலே முதற்கடன். பயன் பின்னே வரும். சிலவேளை வாராதும் போகும். வாராதவற்றின் செலவையும் ஏற்கும் சமுதாயத்திற்கே வந்தவற்றின் நன்மையும் உரியதாகும்.

ஆதலின், ஆய்வுகூடத்திற் புகும் இளமாணாக்கர்க்கு நாம் கூறுவது இதுவே: கெட்டுப்போன பொருளைக் கண்டவுடன் எறிந்துவிடாதீர். அது எவ்வாறு கெட்டது, எவ்வளவு கெட்டது, எங்கே கெட்டது என்று அளந்து பாருங்கள். அளக்கப்படாத சிதைவு அழிவு; அளக்கப்பட்ட சிதைவு அறிவு; அவ்வறிவு கைவந்தபின் அதுவே கருவி.