தூர் பிரித்தால் பூ பெருகும்

ஏலத் தோட்டத்தில் தூர் பிரித்து நட்டுப் பழகிய கைகள் பொட்டிபுரத்திலும் போடிச் சரிவுகளிலும் குறைவல்ல. அக்கலை அறிந்த நாம், புழக்கடையில் நிற்கும் நிலச்சம்பங்கியை மட்டும் நட்ட இடத்திலேயே ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறோம். பின்னர், "இலை மண்டுகிறது, பூவைக் காணோம்" என்று குறைப்படுகிறோம். குறை செடியினுடையதன்று, நம்முடையதே.

மெக்சிகோவிலிருந்து வந்த இச்செடியின் இயல்பை அங்கத்தினர் அறிதல் வேண்டும். ஒருமுறை பூத்த கிழங்கு மறுமுறை பூப்பதில்லை. அதனைச் சுற்றித் தோன்றும் பக்கக் கிழங்குகளே அடுத்துப் பூக்க வேண்டியவை. இரண்டு மூன்று ஆண்டுகளில் அவை ஒன்றையொன்று நெருக்கி, இடமும் உரமும் போதாமல் மெலிகின்றன. ஆதலின் இலைகள் பழுத்துக் காயும் பருவத்தில் தூரைத் தோண்டி, மண்ணை உதிர்த்து, கிழங்குகளைப் பிரித்து, ஒரு திங்கள் நிழலில் வைத்திருந்து, ஆனி ஆடியில் நடுக. 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்கு ஏற்றது. வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டரும், செடிக்குச் செடி 20 சென்டிமீட்டரும் இடைவெளி விடுக. பொடிக் கிழங்குகளைத் தனிப் பாத்தியில் வளர்த்துப் பருக்கவிடலாம்.

பிரித்தபின் மிகுவதை என் செய்வது? இங்கேதான் சங்கத்துக்கு வேலை இருக்கிறது. மழைநாளில் பாவை உலர்த்த வழியின்றித் தறி ஓய்ந்திருக்கையில், மாலை கட்டுவோருக்குப் பூவை நிறுத்து விற்ற காசு நெசவாளர் வீட்டுக்கு உப்புக்கும் புளிக்குமாவது உதவும். எனவே சங்கம் ஒரு கிழங்குப் பதிவேடு வைக்கட்டும். பத்துக் கிழங்கு பெற்றவர் அடுத்த பிரிப்பில் இருபதாகத் திருப்பித் தரட்டும். கைத்தொழிலாளர் கிழங்குப் பூ வளர்க்கச் சங்கமாய்க் கூடுவது புதிதன்று. இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு நகரில் 1836இல் தோன்றிய டியூலிப் மலர்ச் சங்கத்தைச் செருப்புத் தைப்போர் பலர் வளர்த்தனர். அது இன்றும் நடைபெறுகிறது.

விற்றுவிடலாமே என்பார் சிலர். விற்கட்டும், ஆனால் முதலில் கிழங்கில்லாத அங்கத்தினர் வீட்டுக்குப் பங்கு போகவேண்டும் என்பதே என் கருத்து.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கட்டே நோய் கண்ட ஏலத் தூரைப் பிரித்து நட்டால் நோயும் உடன்வரும் என்பதை மலைத் தோட்டத்தார் அறிவர். சம்பங்கிக்கும் அவ்வாறே. முன்னொரு முறை, வேரில் முடிச்சிருந்ததைக் கவனியாமல் அண்டை வீட்டாருக்குக் கிழங்கு கொடுத்தேன். வேர்முடிச்சு நூற்புழு அவர்கள் மண்ணில் பரவி, கத்தரிப் பாத்தியும் வாடியது. அவர்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை; எனக்குத்தான் அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாயிருந்தது. அன்று முதல் முடிச்சுக் கண்ட தூரைத் தீயிலிடுகிறேன். அந்நிலத்தில் செண்டுமல்லி நட்டு, வேப்பம் பிண்ணாக்கும் இடுகிறேன்.

ஆகவே பதிவேட்டுடன், கிழங்கைச் சோதித்து வாங்கும் இருவரையும் சங்கம் நியமித்தல் வேண்டும். கொடுப்பது நன்று, நல்லதைத் தெரிந்து கொடுப்பதே கூட்டுறவு. ஆனி பிறக்குமுன் அங்கத்தினர் இதனை ஆலோசிப்பார்களாக.