டோக்கனோடு ஒரு சொட்டு ரத்தம்

ராமேசுவரம் தீவுக்கு மலேரியா புதிதல்ல. கிணறும் சிமென்ட் தொட்டியும் மூடாமல் கிடக்கும்வரை அனாபிலஸ் கொசுவுக்குக் கொண்டாட்டம்தான். தீவிலுள்ள எங்கள் தங்கச்சிமடத்தில் காய்ச்சல் கண்டால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படகேறிவிடுவோம். கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது நம்பகமான சோதனைதான். ஆனால் முடிவு வரும்போது ஆள் கடலில் இருப்பான். மலேரியா விரைவுச் சோதனைக் கிட்டுக்கு விரல்நுனியில் ஒரு சொட்டு போதும்; இருபது நிமிடத்தில் கோடு தெரியும். எழுத்தறியாத என் அம்மாகூட அதை எண்ணிவிடுவார். ஒரே வம்பு, வெயில். கிட்டை வைத்திருக்க, அதன் வகைக்குத் தக்கபடி 30 அல்லது 40 டிகிரிதான் எல்லை. எங்கள் தகரக் கொட்டகையில் நடக்கிற காரியமா? சூட்டைத் தாங்கும் மலிவான கிட்தான் எங்களுக்குத் தேவை. அதுவரை, கடலுக்குப் போக மீன்பிடி டோக்கன் கொடுக்கும் இடத்தில் ஒரு ஃபிரிட்ஜும் ஒரு செவிலியரும் இருக்கட்டும். ஜூன் 14இல் மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் சுகாதாரத் துறை இதைச் செய்ய வேண்டும்.