உண்பவர் அளவா, விற்பவர் அளவா?

கூட்டுறவு ஏட்டில் ஓட்டல் சாப்பாட்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். இருக்கிறது என்பதே நமது எண்ணம். நெல்லை விளைவிப்பவர் நம் அங்கத்தினர். அந்நெல் சோறாகித் தட்டில் குவிந்து, பாதி உண்ணப்பட்டு, மீதி எச்சில் தொட்டியில் விழும்பொழுது, அதற்கு விலை கொடுத்தவரும் பல வேளைகளில் நம் அங்கத்தினரே. தறியில் ஈட்டிய கூலியில் ஒரு பங்கு இவ்வாறு தொட்டிக்குப் போகிறது. வரவு செலவு பார்ப்பது நம் தொழிலாதலின், இக்கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுவது தவறாகாது.

கடையநல்லூர்க் கடைவீதியில் இன்று புரோட்டாவும் பிரியாணியும் கிடைக்காத வேளையில்லை. வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியோரின் சுவைக்கேற்ப மந்திச் சோறும் நம் பக்கத்து ஊர்களுக்கு வந்துவிட்டது. விலைப்பலகையில் பிளேட் ஒன்றுக்கு இவ்வளவு ரூபாய் என்று எழுதியிருக்கும். அந்தப் பிளேட்டில் எவ்வளவு சோறு வரும் என்பது பெரும்பாலும் எழுதப்பட்டிராது. தட்டு மேசைக்கு வந்த பிறகே உண்பவர் அதனை அறிகிறார். அப்பொழுது அதைக் குறைக்கச் சொல்லவும் இயலாது, திருப்பி அனுப்பவும் இயலாது.

சங்க வேலையாக ஊர் ஊராய்ச் செல்லும் நாம், இது குறித்து அங்கத்தினர் பேசக் கேட்டிருக்கிறோம். எல்லாருடைய மனமும் ஒன்றுபோல் இல்லை. காலையிலிருந்து வயலில் நின்ற இளைஞர் குவிந்த தட்டைக் கண்டு மகிழ்கிறார். கொடுத்த காசுக்கு நிறைவு என்கிறார். வயதில் மூத்த நெசவாளரோ, பாதி உண்டதும் வயிறு போதுமென்று சொன்னாலும், காசு கொடுத்ததை எப்படி விடுவது என்று எஞ்சியதையும் உண்டுவிட்டு, அன்று மாலை தறியில் உட்கார முடியாமல் தவிக்கிறார். சர்க்கரை நோயுள்ளவர் மிச்சம் வைக்கிறார். வைத்துவிட்டு, சோற்றை வீணாக்கினோமே என்று பரிமாறுபவரின் முகத்தைப் பார்க்கக் கூசுகிறார். பெண்கள் பலர் பாதி போதும் என்று கேட்க விரும்பியும், கருமித்தனமென்று நினைப்பார்களோ என வாய் திறவாதிருக்கின்றனர். பெரிய தட்டு ஒன்றே. அதனால் மகிழ்பவர் ஒருவர், வருந்துபவர் மூவர்.

இதனைக் கேட்டவுடன், நம்மவர் எக்காலத்தும் நிறையப் பரிமாறும் வழக்கமுடையவரல்லரோ என்று சிலர் மறுமொழி கூறுவர். அவ்வழக்கத்தைச் சற்று உற்று நோக்குதல் வேண்டும். வாழை இலையில் இடும் முழுச் சாப்பாட்டில் சோறு ஒரே தடவையில் வந்து விழுவதில்லை. முதலில் சாம்பாருக்கு, அடுத்து ரசத்துக்கு, பின்னர் மோருக்கு என்று தவணை தவணையாக வருகிறது. பரிமாறுபவர் வாளியுடன் வரும்பொழுது, இலைக்கு மேல் கையை நீட்டிப் போதும் என்றால் அவர் நகர்ந்துவிடுகிறார். வேண்டுபவருக்கு வேண்டும் மட்டும் கிடைக்கிறது, வேண்டாதவர் தடுத்துக்கொள்கிறார். அளவற்றது என்று பெயர் பெற்ற அந்தச் சாப்பாட்டிலே அளவை முடிவு செய்பவர் உண்பவரே.

காயல்பட்டினம் முதலிய ஊர்களில் இஸ்லாமியர் இல்லத் திருமணங்களில் சகன் என்னும் பெரிய தாலத்தில் சோறிட்டு, அதனைச் சுற்றிச் சிலர் அமர்ந்து உண்பதும் அத்தகையதே. தாலம் பெரிதாயினும் அது பலருக்குப் பொதுவாதலின், அவரவர் பசிக்கேற்ப உண்டு எழலாம். இன்றைய ஓட்டலில் நிகழ்ந்திருப்பது யாதெனில், பலருக்குரிய தாலத்தின் தாராளம் ஒருவருக்குரிய தட்டில் வந்து புகுந்துவிட்டது. இலையின் மேல் நீண்டு தடுத்த கைக்கு அங்கே வேலையில்லாமற் போய்விட்டது. ஆகவே நமது வழக்கு தாராளத்தின்மேல் அன்று. அளவை முடிவு செய்யும் உரிமை உண்பவரிடமிருந்து விற்பவருக்கு மாறியதே நமது குறை.

விற்பவர் தட்டைப் பெரிதாக்குவதற்குக் காரணமும் உண்டு. அதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஓட்டல் நடத்துபவருக்குக் கட்டிட வாடகை, ஆட்கூலி, எரிவாயு, எண்ணெய் ஆகிய செலவுகள் தட்டு சிறிதானாலும் பெரிதானாலும் பெரிதும் மாறுவதில்லை. இரண்டு கரண்டிச் சோறு கூடுதலாக வைப்பதற்கு ஆகும் செலவு சொற்பம். அச்சொற்பச் செலவினால் தட்டு நிறைந்து காணப்படுகிறது. விலையைச் சற்று உயர்த்தினாலும் வாங்குபவர் முணுமுணுப்பதில்லை. மாறாக, ஒரு நாள் சோற்றைக் குறைத்தாரென்றால், மறுநாளே அளவு குறைந்துவிட்டது என்ற பேச்சு ஊர் முழுதும் பரவுகிறது. இந்த அச்சத்தில் அவர் இருக்கும்பொழுது அவரை மட்டும் குறை கூறுதல் நியாயமாகாது.

மேனாட்டு அனுபவம் ஒன்று இங்கே கருதத்தக்கது. 1960களில் அமெரிக்காவின் சிகாகோ நகரைச் சார்ந்த திரையரங்குகளில் பணியாற்றிய டேவிட் வாலர்ஸ்டைன் என்பவர், சோளப்பொரி விற்பனையைப் பெருக்க வழி தேடினார். மக்கள் ஒரு பொட்டலம் தின்றபின் இரண்டாவது வாங்கத் தயங்குவதை அவர் கண்டார். பெருந்தீனிக்காரர் என்று பிறர் எண்ணுவாரே என்பதே அத்தயக்கத்தின் காரணம். எனவே அவர் பொட்டலத்தையே பெரிதாக்கினார், விற்பனை பெருகிற்று. பின்னாளில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் இயக்குநருள் ஒருவராக இருந்தபோது இதே யோசனையை அங்கும் அவர் வற்புறுத்தினார். நம் இலைச் சாப்பாட்டில் இரண்டாவது சோறு கேளாமலே வருகிறது, நாணத்துக்கு இடமில்லை. கேட்பதற்கு நாணும் இடத்தில்தான் முதல் தட்டு பருத்துப் போகிறது.

பருத்த தட்டின் விளைவையும் ஆராய்ந்திருக்கின்றனர். அமெரிக்காவின் பென்சில்வேனியா அரசுப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரே உணவை 500 கிராம் முதல் 1000 கிராம் வரை வெவ்வேறு அளவுகளில் வெவ்வேறு நாட்களில் அதே மனிதருக்கு வைத்தனர். பெரிய தட்டு வைத்த நாளில் அவர்கள் சிறிய தட்டு நாளைவிட 30 சதவீதம் மிகுதியாக உண்டனர். தட்டின் அளவு மாறியதையே உணர்ந்தவர் அவர்களில் பாதிப்பேர்கூட இல்லை. வயிற்றின் சொல்லைக் கண் கேட்கவிடுவதில்லை என்பது இதனால் விளங்கும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேற்பட்டவர் என்று கணக்கிட்டிருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டில் இது வெறும் ருசியைப் பற்றிய பேச்சாக நின்றுவிடாது.

உண்ணாமல் விட்டதன் கணக்கு வேறு. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று. அதில் உணவகங்களும் அவற்றைப் போன்ற இடங்களும் வீணாக்கியது 29 கோடி டன். இத்தனை பெரிய எண் மனத்தில் ஒட்டாதெனில், நம் வயலின் கணக்கில் பார்ப்போம். ஒரு கிலோ நெல் விளையச் சராசரியாக 2500 லிட்டர் அளவு நீர் பாய்ச்ச வேண்டியிருக்கிறது என்பர் நெல் ஆராய்ச்சியாளர். தட்டில் மிஞ்சும் 100 கிராம் சோறு ஏறத்தாழ 50 கிராம் நெல்லுக்குச் சமம். அதற்கு உரிய நீர் 125 லிட்டர். அதாவது பத்துக் குடம். கருப்பாநதித் தண்ணீருக்காக இரவில் மடை காத்து நின்றவருக்குப் பத்துக் குடத்தின் அருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அரசினர் இதில் தலையிடுவது புதிதன்று. 1965இல் உணவு நெருக்கடியின்போது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளை உணவைத் துறக்குமாறு மக்களை வேண்டினார். திங்கட்கிழமை மாலைகளில் பல ஓட்டல்கள் கதவடைத்தன. 2017 ஏப்ரலில் மத்திய உணவு அமைச்சர் ராம் விலாஸ் பாஸ்வான், ஓட்டல்களில் பரிமாறும் அளவை வரையறுக்கும் யோசனையை வெளியிட்டார். எதிர்ப்பு எழவே, விடுதிகள் தாமாக முன்வரவேண்டும் என்ற அளவில் அது நின்றது. சீனாவில் 2021இல் இயற்றப்பட்ட சட்டம், மிகுதியாக மிச்சம் வைப்பவரிடம் ஓட்டல்காரர் கட்டணம் வாங்க இடமளிக்கிறது. மிகுதியாக வாங்கும்படி தூண்டும் ஓட்டலுக்கு அபராதமும் விதிக்கிறது. இவ்விரண்டில் பிந்தியதே நமக்கு நியாயமாகப் படுகிறது. தாம் தீர்மானிக்காத அளவுக்கு உண்பவரைத் தண்டித்தல் முறையன்று. உணவை வீணாக்காதீர் என்று சுவரில் எழுதிவைத்துவிட்டு, மேசையில் இருவர் உணவை ஒருவருக்கு வைப்பதும் அத்தகையதே.

நம் அங்கத்தினர் அளவு அறியாதவரல்லர். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜக் கழிகள் 40 இருந்தால் அது 40ஆம் நம்பர் நூல் என்பது நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். பாவுக்கும் ஊடைக்கும் நூலைச் சங்கம் நிறுத்தே கொடுக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையில் ஒரு கிலோ கூடுதலாகப் பிடித்தால் விவசாயி வழக்காடுகிறார், வழக்காடவும் வேண்டும். நூலை ஒரு தட்டு என்று வாங்காதவர், நெல்லை ஒரு குவியல் என்று விற்காதவர், சோற்றை மட்டும் ஒரு பிளேட் என்று கேட்டு, வந்ததை ஏற்றுக்கொள்வது ஏன்?

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகளையுடைய உணவகங்கள், ஒரு பரிமாறலின் அளவையும் அதன் கலோரியையும் பட்டியலில் காட்டவேண்டும் என்ற விதி 2022 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. நம் ஊரின் ஒற்றைக் கடைகளுக்கு அது பொருந்தாது. எனினும் சட்டம் வரட்டும் என்று காத்திராமல் செய்யத்தக்கவை மூன்று உள்ளன.

முதலாவது, விலைப்பலகையில் விலைக்கு அருகே எடையையும் எழுதுவது. சோறு இத்தனை கிராம், கறி இத்தனை துண்டு என்று தெரிந்தால் வாங்குபவர் தம் பசிக்கேற்பத் தீர்மானிப்பார். அளவு குறைந்ததென்ற வீண் பழியும் கடைக்காரருக்கு வராது.

இரண்டாவது, எல்லா வேளையிலும் அரைப் பிளேட் வைத்திருப்பது. அரைக்குப் பாதி விலை என்று நாம் கேட்கமாட்டோம். வாடகையும் கூலியும் பாதியாவதில்லை என்பதை மேலே ஒப்புக்கொண்டோம். முழுத் தட்டு 100 ரூபாயாயின், அரைத் தட்டு 60 ரூபாய் என்றால் இருதரப்பிலும் நஷ்டமில்லை. சூப்பை ஒன் பை டூ என்று கேட்க நாணாத நம் மக்கள், பலகையில் எழுதியிருந்தால் அரைப் பிரியாணியையும் நாணாமல் கேட்பர். 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒன்று 1 ரூபாய் என்று தனித்தனியே விற்கப்பட்டதை நினைவுகூரலாம். இரண்டு வேண்டியவர் இரண்டு வாங்கினார், ஐந்து வேண்டியவர் ஐந்து வாங்கினார்.

மூன்றாவது, எஞ்சியதைப் பார்சல் கட்டித் தருவதை இயல்பான காரியமாக்குவது. எச்சில்படுமுன்பே வேண்டியதை வேறு தட்டில் எடுத்துக்கொண்டு, மீதியைக் கட்டித் தரச் சொல்வதில் இழிவு எதுவுமில்லை. கடைக்காரரே முதலில் கேட்டுவிட்டால் உண்பவரின் கூச்சம் அகலும்.

2009இல் வெளிவந்த வெண்ணிலா கபடி குழு படத்தில் நடிகர் சூரி புரோட்டாக்களை அடுக்கடுக்காய் விழுங்கிய காட்சியைக் கண்டு நாமும் சிரித்தவரே. வேடிக்கைக்கு அது சரி. நாள்தோறும் உண்ணும் உணவில் போட்டி எதற்கு? திருக்குறளில் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தின் பெரும்பகுதி, மருந்தைப் பற்றிப் பேசாமல் உண்ணும் அளவைப் பற்றியே பேசுவதை அங்கத்தினர் அறிவர்.

பிறருக்குச் சொல்வதை நம் சங்கங்களே முதலில் செய்யவேண்டும். ஆண்டு மகாசபைக் கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரே அளவுப் பொட்டலம் வழங்கி, கூட்டம் கலைந்தபின் பாதி உண்ட பொட்டலங்களைக் கூட்டித் தள்ளுவதைப் பல இடங்களில் காண்கிறோம். இவ்வாண்டு இரண்டு அளவில் பொட்டலம் கட்டச் சொல்லட்டும். அல்லது இலை போட்டுப் பரிமாறட்டும். ஊர் ஓட்டல்காரருக்கு அந்த ஆர்டரைக் கொடுக்கும்பொழுதே, உங்கள் கடையிலும் அரைப் பிளேட் விலையை எழுதிவையுங்கள் என்று நிர்வாகிகள் சொல்லலாம். நூறு பேருக்குச் சாப்பாடு வாங்கும் சங்கத்தின் சொல்லைத் தட்டும் கடைக்காரர் இருக்கமாட்டார். தனியொருவர் கேட்கக் கூசுவதைச் சேர்ந்து கேட்டுப் பெறுவதற்கே கூட்டுறவு ஏற்பட்டது.